கிரிப்டோ ஏறினாலும் இறங்கினாலும் கையை எப்போது அசைப்பது: சின்ன முதலீட்டாளருக்கு ஒரு வழிகாட்டி

பிட்காயின் 2025 அக்டோபர் முதல் வாரத்தில் 1,26,000 டாலரைத் தொட்டது, அடுத்த மாதமே 85,000க்குக் கீழே இறங்கியது. நீங்கள் இதைப் படிக்கும்போது அது எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியாது, அதைச் சொல்கிறேன் என்று கிளம்புகிறவர்களை நம்பவும் வேண்டாம்.

மாதச் சம்பளத்தில் மிஞ்சியதில் ஐந்தாயிரமோ பத்தாயிரமோ கிரிப்டோவில் போட்டுவிட்டு, அல்லது போடலாமா என்று யோசித்துக்கொண்டு, ராத்திரி தூங்கப் போகும் முன் செயலியைத் திறந்து திறந்து பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். டிரேடிங்கையே பிழைப்பாக வைத்திருக்கிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. இந்தியாவில் உட்கார்ந்துகொண்டு கிரிப்டோ வாங்குகிற சின்ன ஆளுக்கு அடிக்கடி வாங்கி விற்பது கட்டுப்படியாகாது. விலை ஒரு பக்கம் இருக்கட்டும், வரிச் சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதனால் கொஞ்சமாகப் போடுங்கள், எப்போதாவது மட்டும் விற்கவோ மாற்றவோ செய்யுங்கள். மிச்சக் கவலையெல்லாம் காயினை எங்கே வைத்திருக்கிறோம் என்பதில் இருக்கட்டும்.

எவ்வளவு போடுவது

"இழந்தாலும் பரவாயில்லை என்கிற பணம்" என்று எல்லோரும் சொல்கிறார்கள், யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. பார்ப்போம். 2017 டிசம்பரில் பிட்காயின் 20,000 டாலரை நெருங்கியது, சரியாக ஒரு வருடத்தில் 3,200 அளவுக்கு வந்தது. 2021 நவம்பரில் 69,000, அடுத்த நவம்பரில் 15,500. இருப்பதிலேயே பெரிய, பழைய காயினின் கதை இது. இரண்டாவது வீழ்ச்சியை வைத்துப் பார்த்தால் உச்சியில் போட்ட 10,000 ரூபாய் 2,300 ரூபாய்க்குச் சற்றுக் கீழே போயிருக்கும், மறுபடி 10,000 ஆக வேண்டுமென்றால் அங்கிருந்து நாலரை மடங்கு ஏற வேண்டும். ஏறவும் ஏறியது, ஆனால் 2024 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆகவே நீங்கள் போட நினைக்கும் தொகையில் நாலில் மூன்று பங்கு போய்விட்டது, மிச்சம் இரண்டு மூன்று வருடத்துக்கு அப்படியே கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு மூன்று வருடத்தில் பள்ளிக் கட்டணம், வீட்டு அட்வான்ஸ், ஆஸ்பத்திரிச் செலவு எதற்காவது அந்தப் பணம் தேவைப்படுமா? தேவைப்படும் என்றால் தொகையைக் குறையுங்கள். அவசரத்துக்கு ஆறு மாதச் செலவுக்கான பணம் வங்கியில் இல்லாதவர் கிரிப்டோ பக்கமே இப்போதைக்கு வர வேண்டாம். நகையை அடகு வைத்தோ, பர்சனல் லோன் எடுத்தோ, கிரெடிட் கார்டைத் தேய்த்தோ போடுவது பற்றி நான் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், ஆனால் ஒவ்வொரு ஏற்றத்திலும் யாராவது செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

மொத்தமாக ஒரே நாளில் போடாமல் மாதாமாதம் ஒரு தேதி வைத்துப் போடுவது நல்லது. காரணம் எளிது: எந்த நாள் வாங்குவது என்று முடிவெடுக்கும் வேலையே இருக்காது. ரூபாய் கொடுத்து வாங்கும்போது உங்களிடம் டிடிஎஸ் (பணம் கைக்கு வரும் முன்பே பிடித்துக்கொள்கிற வரி) பிடிப்பதும் இல்லை, பிடிப்பது விற்கும்போதுதான். வாங்குவது லேசு, விற்பது கனம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்குவது

பிட்காயின், வேண்டுமென்றால் கொஞ்சம் ஈதர் (எத்தீரியம் நெட்வொர்க்கின் காயின்). சின்ன முதலுக்கு இதற்கு மேல் தேவையில்லை என்பது என் கருத்து. பத்துக் காயினில் ஆயிரம் ஆயிரமாகப் போட்டால் ரிஸ்க் பரவிவிடும் என்று நினைக்கிறார்கள், சந்தை விழும்போது பத்தும் சேர்ந்துதான் விழுகின்றன, எழும்போது பத்தும் எழுவதில்லை. டோஜ்காயின் 2021 மே மாதம் 73 சென்ட் வரை போனது. அதற்குப் பிறகு பிட்காயின் பல முறை புது உச்சத்துக்குப் போய் வந்த 2025 வரைக்கும் டோஜ் அந்த விலையைத் திரும்பப் பார்க்கவில்லை.

"ஒரு ரூபாய் கூட இல்லை, ஒரு லட்சம் காயின் வாங்கிப் போட்டால் ஒரு ரூபாய் ஆனால் போதும்" என்கிற கணக்கு நம் ஊரில் ரொம்பப் பிரபலம். ஷிபா இனுவை எடுத்துக்கொள்ளுங்கள். புழக்கத்தில் சுமார் 589 லட்சம் கோடி காயின் இருக்கிறது. ஒரு காயின் ஒரு ரூபாய் ஆக வேண்டுமென்றால் அதன் மொத்த மதிப்பு 589 லட்சம் கோடி ரூபாய் ஆக வேண்டும். இந்தியா முழுக்க ஒரு வருடத்தில் உற்பத்தியாகும் பொருள், சேவை அத்தனையின் மதிப்பும் 2024-25இல் 330 லட்சம் கோடி ரூபாய் அளவுதான். எந்தக் காயினை வாங்கும் முன்னும் அதன் விலையைப் பார்க்காமல் எத்தனை காயின் இருக்கிறது, இன்னும் எத்தனை வெளியே வரப்போகிறது என்று பாருங்கள். பிட்காயினுக்கு 2.1 கோடி என்று உச்சவரம்பு இருக்கிறது, புதிதாக வருகிற அளவும் ஏறக்குறைய நான்கு வருடத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. 2024 ஏப்ரலில் அது ஒரு பிளாக்குக்கு, அதாவது பதிவேட்டில் புதிதாகச் சேரும் ஒவ்வொரு பரிவர்த்தனைத் தொகுப்புக்கும், 3.125 காயின் ஆனது. பல புதுக் காயின்களில் பெரும்பங்கு ஆரம்பித்தவர்கள் கையிலேயே பூட்டி இருக்கும், பூட்டு திறக்கும் தேதி வந்ததும் அவர்கள் விற்பார்கள், நீங்கள் வாங்கிக்கொண்டிருப்பீர்கள்.

வரி: இதைப் படிக்காமல் விற்காதீர்கள்

லாபத்துக்கு 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2. 2022 ஏப்ரல் 1 முதல் இதுதான். ஒரு நாள் வைத்திருந்தாலும் ஐந்து வருடம் வைத்திருந்தாலும் ஒரே விகிதம், மியூச்சுவல் ஃபண்டில் இருக்கிற நீண்டகாலச் சலுகை இங்கே கிடையாது. வாங்கிய விலையைத் தவிர எதையும் கழிக்க முடியாது, எக்ஸ்சேஞ்ச் (காயின் வாங்கி விற்கிற தளம்) பிடிக்கிற கட்டணத்தைக் கூட. அப்புறம் 2022 ஜூலை முதல், விற்கிற தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ்.

இதில் ரொம்ப வலிக்கிற விஷயம் நஷ்டத்தைக் கழிக்க முடியாதது. ஒரு காயினில் ஒரு லட்சம் லாபம், இன்னொன்றில் ஒரு லட்சம் நஷ்டம், இரண்டையும் விற்றுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தில் உங்களுக்கு நின்ற லாபம் பூஜ்யம். ஆனால் வரி 31,200 ரூபாய் கட்ட வேண்டும். நஷ்டத்தை அடுத்த வருடத்துக்கும் கொண்டுபோக முடியாது. அமெரிக்க யூடியூபர்கள் வருடக் கடைசியில் நஷ்டத்தில் இருப்பதை விற்று வரியைக் குறைக்கச் சொல்வார்கள், அது அவர்கள் ஊர்ச் சட்டம், இங்கே அதைச் செய்தால் காயினும் போகும், வரியும் குறையாது.

பிட்காயினைக் கொடுத்து ஈதர் வாங்கினாலும் விற்றதாகத்தான் கணக்கு. ஒரு டாலர் விலையிலேயே நிற்கும்படி அமைத்த யுஎஸ்டிடி என்ற காயினுக்கு மாற்றி "சேஃபாக" வைத்தாலும் அப்படியே. ரூபாய் உங்கள் வங்கிக்கு வரவில்லை என்பதால் வரி வராது என்று நினைத்துக்கொண்டு வருடம் முழுக்கக் காயின் மாற்றிக்கொண்டிருந்துவிட்டு ஜூலையில் ஆடிட்டர் முன்னால் உட்கார்ந்து விழிக்கிறவர்கள் நிறைய.

டிடிஎஸ் ஒரு சதவீதம்தானே, ரிட்டர்னில் திரும்ப வாங்கிக்கொள்ளலாமே என்றால், வாங்கலாம். ஆனால் முழு முதலையும் வைத்து ஐம்பது தடவை வாங்கி விற்றால், விலை ஒரு பைசா மாறாவிட்டாலும் முதலில் ஏறக்குறைய 40 சதவீதம் டிடிஎஸ்ஸாகப் போய் வருமான வரித் துறையில் உட்கார்ந்திருக்கும். ரீஃபண்ட் வரும் வரை அது உங்கள் கையில் இல்லை. தினமும் டிரேட் செய்கிற ஆசை இருந்தால் இந்த ஒரு கணக்கை மட்டும் நீங்களே போட்டுப் பாருங்கள்.

எங்கே வைப்பது

விலை இறங்கினால் என்றாவது ஏறலாம், எக்ஸ்சேஞ்ச் படுத்தால் என்ன செய்வது? 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சின் வாலட் (காயின் வைக்கும் டிஜிட்டல் பெட்டி) ஒன்றிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடுபோயின. பணம் எடுப்பது நிறுத்தப்பட்டது, விவகாரம் சிங்கப்பூர் நீதிமன்றம் வரை போய், 2025 அக்டோபரில்தான் வர்த்தகம் மறுபடி தொடங்கியது. இடையில் சந்தை சும்மா இருக்கவில்லை. எக்ஸ்ஆர்பி என்ற காயின் அறுபது சென்ட் அருகில் இருந்து 2025 ஜனவரியில் மூன்று டாலரைத் தாண்டியது, அங்கே மாட்டிக்கொண்டவர்கள் வேடிக்கைதான் பார்க்க முடிந்தது.

அப்படி 3,532.30 எக்ஸ்ஆர்பி மாட்டிக்கொண்ட ஒரு முதலீட்டாளர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். திருடுபோனது எத்தீரியம் சார்ந்த டோக்கன்கள், என்னுடையது எக்ஸ்ஆர்பி, அதை எதற்குப் பிறர் நஷ்டத்துக்குப் பங்கு போட வேண்டும் என்பது அவர் வாதம். 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ என்பது சொத்து, அதை ஒருவர் உடைமையாக வைத்திருக்கவும் முடியும், இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்கவும் முடியும் என்று சொல்லி அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு கொடுத்தார். நல்ல தீர்ப்பு. ஆனால் பத்தாயிரம் ரூபாய் காயினுக்காக நீங்களும் நானும் ஹைகோர்ட் போகப்போவதில்லை. வங்கி டெபாசிட்டுக்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு இருக்கிற மாதிரி இங்கே எதுவும் இல்லை, பங்குச் சந்தைக்கு செபி இருக்கிற மாதிரி தனிக் கண்காணிப்பு அமைப்பும் இல்லை. 2023 மார்ச்சிலிருந்து எக்ஸ்சேஞ்சுகள் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும், அது கறுப்புப் பணத்தைத் தடுக்கிற சட்டத்துக்காக. பதிவு இல்லாத இடத்தில் கணக்கு திறக்காதீர்கள், பதிவு இருப்பதால் உங்கள் பணம் பத்திரம் என்றும் நினைக்காதீர்கள்.

நடைமுறையில் என்ன செய்யலாம் என்றால், கணக்கு திறந்ததும் முதல் வேலையாகச் சின்னத் தொகை போட்டு, வாங்கி, விற்று, வங்கிக்குத் திரும்ப எடுத்துப் பாருங்கள். எத்தனை நாள் ஆகிறது, எவ்வளவு கழிகிறது என்று தெரிந்துவிடும். காயினைச் சொந்த வாலட்டுக்கு அனுப்ப அனுமதிக்கிறார்களா என்றும் பாருங்கள். வாங்கலாம், விற்கலாம், வெளியே எடுக்க முடியாது என்று இருக்கிற செயலிகளும் உண்டு. கூகுள் ஆதென்டிகேட்டர் மாதிரி இரண்டாம் பூட்டு போடாமல் ஒரு ரூபாய் வைக்க வேண்டாம், எஸ்எம்எஸ் ஓடிபி மட்டும் போதாது.

இருபதாயிரம் ரூபாய்க்குள் என்றால் ஹார்டுவேர் வாலட் (காயினின் சாவியை இணையத்துக்கு வெளியே வைக்கும் சின்னக் கருவி) வாங்குவது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அந்த அளவை எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவிடலாம், ஆபத்து தெரிந்து விடுகிறோம், அவ்வளவுதான். தொகை வளர்ந்து, போனால் தூக்கம் போகும் என்கிற அளவுக்கு வந்தால் சொந்த வாலட்டுக்கு மாற்றுங்கள். அங்கே 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள் தருவார்கள், அந்தச் சொற்கள் யாரிடம் இருக்கிறதோ காயின் அவருடையது. பேனாவால் தாளில் எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட், கூகுள் போட்டோஸ், உங்களுக்கே நீங்கள் அனுப்பிக்கொள்ளும் வாட்ஸ்அப், எதுவும் கூடாது. வீட்டில் நம்பகமான ஒருவருக்காவது அந்தத் தாள் எங்கே இருக்கிறது, எதற்கு என்று தெரிய வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்கு ஏதாவது ஆனால் அந்தக் காயினை எந்த வாரிசுச் சான்றிதழாலும் மீட்க முடியாது. அனுப்பும்போது நெட்வொர்க் சரிதானா என்று இரண்டு தடவை பாருங்கள், டிஆர்சி-20இல் (டிரான் நெட்வொர்க்) அனுப்ப வேண்டியதை இஆர்சி-20இல் (எத்தீரியம் நெட்வொர்க்) தட்டிவிட்டுத் தேடுவது பெரும் தொல்லை. முதலில் கொஞ்சம் அனுப்பி, வந்து சேர்ந்த பிறகு மிச்சம்.

விழும்போது

முதல் கேள்வி: சந்தையே விழுகிறதா, உங்கள் காயின் மட்டும் விழுகிறதா? பிட்காயினைப் பார்த்தால் தெரியும். எல்லாம் சேர்ந்து விழுந்தால் நீங்கள் செய்ய ஒன்றும் இல்லை. மாதத் தேதி வந்தால் வழக்கம்போல் வாங்குங்கள், வராவிட்டால் போனைக் கீழே வையுங்கள். இந்தச் சந்தைக்கு ஞாயிறு கிடையாது, பொங்கல் கிடையாது, நம் பங்குச் சந்தையில் இருக்கிற மாதிரி அதிகம் விழுந்தால் நிறுத்தி வைக்கிற ஏற்பாடும் கிடையாது. பெரிய சரிவுகள் பல அமெரிக்காவின் பகல் நேரத்தில், அதாவது நமக்கு ராத்திரியில் நடக்கின்றன. இரண்டு மணிக்கு விழித்துப் பார்த்து எடுக்கிற முடிவு நல்ல முடிவாக இருந்து நான் பார்த்ததில்லை. விலை அலர்ட்டை அணைத்துவிடுங்கள்.

உங்கள் காயின் மட்டும் விழுகிறது என்றால் அது வேறு விஷயம். காரணம் தெரியும் வரை ஒரு ரூபாய் கூட மேலே போடக் கூடாது. "டிப்பில் ஆவரேஜ் பண்ணு", அதாவது விழ விழ வாங்கிச் சராசரி விலையைக் குறை என்கிற பாடம் இங்கேதான் ஆளைக் கொல்கிறது. 2022 மே மாதம் லூனா என்ற காயின் 80 டாலரில் இருந்து சில நாட்களில் ஒரு சென்ட்டுக்கும் கீழே போனது. முப்பது டாலரில் மலிவு என்று வாங்கினார்கள், ஒரு டாலரில் இதைவிட மலிவா என்று வாங்கினார்கள். உள்ளே நடந்தது என்னவென்றால், அதோடு பிணைந்திருந்த டெர்ராயுஎஸ்டி (UST, மேலே சொன்ன யுஎஸ்டிடி அல்ல) என்ற ஸ்டேபிள்காயின், அதாவது ஒரு டாலரிலேயே நிற்க வேண்டிய காயின், அங்கே நிற்காமல் நழுவியது, அதைத் தூக்கி நிறுத்த அந்த அமைப்பே லூனாவை அச்சடித்துத் தள்ளியது, 35 கோடி அளவில் இருந்த காயின் 6.5 லட்சம் கோடி ஆனது. உங்கள் காயின் எண்ணிக்கை குறையவே இல்லை, பங்குதான் கரைந்துபோனது. அப்படிப்பட்ட சரிவில் பொறுமைக்குப் பலன் கிடையாது. காரணம் காயினுக்கு உள்ளேயே இருந்தால் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு வெளியே வாருங்கள், நஷ்டத்தைக் கழிக்க முடியாவிட்டாலும் சரி.

ஏறும்போது

விற்கும் விதியை வாங்கும் அன்றே எழுதி வையுங்கள். ஏறும்போது எழுதினால் ஒவ்வொரு நாளும் இலக்கு மேலே போய்க்கொண்டே இருக்கும். நிறையப் பேர் பின்பற்றுவது, இரட்டிப்பானதும் போட்ட முதலை வெளியே எடுப்பது. நல்ல விதிதான், ஆனால் பாதியை விற்றால் முதல் வந்துவிடும் என்பது வரி இல்லாத ஊர்க் கணக்கு. 20,000 போட்டது 40,000 ஆகியிருக்கிறது என்றால், பாதியை விற்றால் வருகிற 20,000இல் 10,000 லாபம், அதற்கு 3,120 வரி, கையில் நிற்பது 16,880. வரி போக முழுசாக 20,000 வேண்டுமென்றால் 59 சதவீதம், அதாவது சுமார் 23,700 ரூபாய்க்கு விற்க வேண்டும். விற்ற அன்றே அந்த 3,700ஐத் தனியாக எடுத்து வையுங்கள். அதையும் காயினில் திரும்பப் போட்டுவிட்டு, வரி கட்டும் நேரத்தில் சந்தை சரிந்து கிடந்தால், வரியாவது குறையுமா என்றால் குறையாது.

சுற்றி இருக்கிற எல்லோரும், டீக்கடை முதல் ஆபீஸ் வரை, காயின் பெயர் சொல்ல ஆரம்பித்தால் அது புதிதாகப் பணம் போடுகிற நேரம் அல்ல.

லீவரேஜ், ஃப்யூச்சர்ஸ்

வேண்டாம். லீவரேஜ் என்றால் கையில் இருப்பதைப் போல் பல மடங்குக்குக் கடனில் பந்தயம் கட்டுவது, ஃப்யூச்சர்ஸ் என்றால் காயினை வாங்காமல் அதன் விலை மீது போடும் ஒப்பந்தம். பத்து மடங்கு லீவரேஜில் விலை உங்களுக்கு எதிராக 10 சதவீதம் போவதற்கு முன்பே லிக்விடேஷன் ஆகிவிடும், அதாவது எக்ஸ்சேஞ்சே உங்கள் பொசிஷனை (கட்டிய பந்தயத்தை) மூடி, போட்ட பணத்தை எடுத்துக்கொள்ளும், பிட்காயின் ஒரே நாளில் அவ்வளவு ஆடுவதை இதுவரை எத்தனையோ முறை பார்த்தாகிவிட்டது. 2025 அக்டோபர் 10 அன்று டிரம்ப் சீனா மீது 100 சதவீதக் கூடுதல் வரி என்று அறிவித்ததும், 24 மணி நேரத்துக்குள் 1,900 கோடி டாலருக்கு மேல் லீவரேஜ் பொசிஷன்கள் துடைக்கப்பட்டன. காயினை நேரடியாக வாங்கி வைத்திருந்தவருக்கு அன்று காகிதத்தில் நஷ்டம், அவ்வளவுதான். லீவரேஜில் இருந்தவருக்கு விலை திரும்பியபோது பொசிஷனே இல்லை.

ஏமாற்றுகிறவர்கள்

டெலிகிராமில் "இந்தக் காயினை இப்போது வாங்கு" என்று சிக்னல் தருகிறவர் ஏற்கனவே வாங்கி வைத்திருக்கிறார், உங்களிடம் விற்கத்தான் சிக்னல். மாதம் 10 சதவீதம் என்று கெய்ன்பிட்காயின் என்ற மோசடித் திட்டம் சொன்னபோதும் ஆரம்பத்தில் சேர்ந்தவர்களுக்குப் பணம் வந்தது, அதைக் காட்டித்தான் மற்றவர்களைச் சேர்த்தார்கள். இப்போதைய மாடல் வேறு: வாட்ஸ்அப்பில் அறிமுகமாகி, ஒரு செயலியை இறக்கச் சொல்லி, அதில் உங்கள் பணம் லட்சமாக வளர்வதைக் காட்டுவார்கள். எடுக்கப் போனால் முதலில் வரி கட்டு என்பார்கள். எந்த எக்ஸ்சேஞ்சும் பணத்தை விடுவிக்க உங்களிடம் வரியை முன்கூட்டி வசூலிக்காது. டிடிஎஸ் விற்கும் தொகையிலேயே கழியும், மிச்சத்தை நீங்கள் வருமான வரித் துறைக்கு நேராகக் கட்டுவீர்கள்.

பி-டு-பியில் (எக்ஸ்சேஞ்ச் வாங்காமல் ஆளுக்கு ஆள் நேராக விற்பது) முகம் தெரியாதவரிடம் யுஎஸ்டிடி விற்றால் கொஞ்சம் கூடுதல் விலை கிடைக்கும். அவர் அனுப்புகிற ரூபாய் யாரோ ஏமாந்த பணமாக இருந்தால், வேறு மாநிலக் காவல்துறை கேட்டுக்கொண்டதன் பேரில் உங்கள் வங்கிக் கணக்கு முடங்கும். சம்பளம் வருகிற கணக்கு முடங்கினால் அந்தக் கூடுதல் விலையை வைத்து என்ன செய்வது? ஏமாந்துவிட்டீர்கள் என்று தெரிந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள். பணம் இன்னும் வங்கிக்குள் நகர்ந்துகொண்டிருக்கும் முதல் சில மணி நேரத்தில்தான் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம், வெட்கப்பட்டு இரண்டு நாள் தள்ளிப்போட்டால் அது காயினாகி நாட்டை விட்டே போயிருக்கும்.

காகித வேலை

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் டிரேட் ரிப்போர்ட்டை இறக்கி மின்னஞ்சலில் போட்டு வையுங்கள். இந்தியாவில் எக்ஸ்சேஞ்சுகள் மூடுவது புதிது அல்ல. ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் வங்கிகளைக் கிரிப்டோவிலிருந்து விலகச் சொன்னபோது ஜெப்பே என்ற நிறுவனம் அந்த வருடமே இங்கே எக்ஸ்சேஞ்சை நிறுத்தியது, கோய்னெக்ஸ் என்ற இன்னொரு எக்ஸ்சேஞ்ச் அடுத்த வருடம் மூடியது. உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது 2020 மார்ச்சில்தான். எக்ஸ்சேஞ்ச் போனால் வாங்கிய விலைக்கான ஆதாரமும் அதோடு போகும், வாங்கிய விலையைக் காட்ட முடியாவிட்டால் கழிக்க இருந்த ஒரே விஷயமும் போச்சு.

ரிட்டர்னில் கிரிப்டோவுக்குத் தனி அட்டவணை இருக்கிறது, ஒவ்வொரு விற்பனைக்கும் வாங்கிய தேதி, விற்ற தேதி, இரண்டு விலையும் கேட்பார்கள். விற்ற வருடத்தில் ஐடிஆர்-1 போட முடியாது, ஐடிஆர்-2 அல்லது 3. பிடித்த டிடிஎஸ், உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் வந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். அதில் வந்திருக்கிறது என்றால் துறைக்கும் நீங்கள் விற்றது தெரியும் என்று அர்த்தம், ஆகவே "சின்னத் தொகைதானே, காட்டாவிட்டால் என்ன" என்கிற யோசனையை விட்டுவிடுங்கள்.